யாரிடமும் சொல்லக்கூடாத தண்ணீர்

இயக்குநர் பதவி ஏற்றதும் முதல் வேலையாகச் சாக்கடை என்ற சொல்லை ஒழித்தார். சாக்கடையை ஒழிப்பது பொறியியல் பிரிவின் பொறுப்பு. சொல் மட்டும்தான் அவர் கையில் இருந்தது. அதற்குப் பதிலாக 'மக்கள்நீர்' என்று வைத்தார். 'கழிவுநீர்ப் பரிசோதனைக் கூடம்' என்ற பழைய பலகை இறங்கியது, 'மக்கள்நீர் நுண்ணறிவு மையம்' என்ற புதிய பலகை ஏறியது. பலகை மாட்டிய ஆள் ஏணியிலிருந்து இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "மினரல் வாட்டர் கம்பெனியா சார் இது?" என்று கேட்டான். இயக்குநர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

உள்ளே நடந்தது என்னவோ பழைய வேலைதான். நகரம் நான்கு மண்டலம். ஒவ்வொரு மண்டலத்தின் சாக்கடையும் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு மேன்ஹோல். மூடிக்குக் கீழே ஒரு பெட்டி தொங்கும். அது ராப்பகலாக அவ்வப்போது ஒரு மடக்கு உறிஞ்சி, உள்ளே இருக்கும் பாட்டிலில் சேர்த்து வைக்கும். காலையில் மூடி அண்ணன் வேனில் போய், இரும்புக் கொக்கியால் மூடியை நெம்பி, பெட்டியைக் கயிற்றில் மேலே இழுத்து, பாட்டிலை ஐஸ் பெட்டிக்கு மாற்றிக் கொண்டுவருவார். மூடி அண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

பாட்டில் நேராக டீச்சர் கைக்குப் போகும். டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஆய்வகத்தில் சேர்ந்தவள். எதையும் ஒரு தடவை சொல்வாள், கேட்டவர் முகத்தைப் பார்ப்பாள், நம்பிக்கை வராமல் மறுபடியும் சொல்வாள். அதனால் வந்த பெயர். சாக்கடையைச் சுழற்றி, வடித்து, பி.சி.ஆர். எந்திரத்தில் ஏற்றி, எந்த மண்டலத்தில் எந்த வைரஸ் எவ்வளவு என்று சொல்வது அவள் வேலை.

வியாதி வந்தவன் டாக்டரிடம் போவதற்கு முன்னால் கழிவறைக்குப் போகிறான். மையத்தின் மொத்த விஞ்ஞானமும் இந்த ஒரு வரிதான். இயக்குநர் இதையே கருத்தரங்குகளில் ஒரு மணி நேரம் பேசுவார். கழிவறை என்ற சொல் மட்டும் வராது.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. அது மிளகாய். ஒரு பாட்டிலில் எத்தனை பேருடைய சரக்கு கலந்திருக்கிறது என்று தெரியாமல் கணக்குப் போட முடியாது. மழை பெய்தால் நீர்த்துவிடும், விடுமுறை விட்டால் பாதி ஊர் காலியாகிவிடும். அதனால் மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மனிதனை அது ஒன்றும் செய்யாது. மிளகாய் தின்றவன் வயிற்றுக்குள் போய், போன மாதிரியே வெளியே வந்துவிடும். பாட்டிலில் அது எவ்வளவோ, அவ்வளவு ஜனம்.

"உலகம் பூரா இப்படித்தான் சார்" என்று டீச்சர் சொன்னாள். முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னாள்.

"அது சரிம்மா. ஆனா ஒரு நகரத்தோட ஜனத்தொகையை மிளகாயை வெச்சு எண்ணுறோம்னு மேயர்கிட்ட எப்படிச் சொல்றது? பாதாம் மாதிரி ஏதாவது கௌரவமா இல்லையா?"

"பாதாம் எல்லாரும் சாப்பிடறதில்லையே சார்."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். தன் காலத்துக்குள் மக்கள் முன்னேறுவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை.

அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில், நான்காம் மண்டலத்துப் பாட்டிலில் மஞ்சள் காமாலை வைரஸ் தலைகாட்டியது. மறுவாரம் தோளையும் காட்டியது. காமாலையில் பல வகை. இது குடிதண்ணீரில் வரும் வகை. பெரும்பாலானவர்களைப் படுக்கவைத்து, பத்தியம் இருக்கவைத்து, எழுப்பி அனுப்பிவிடும். கர்ப்பிணிகளிடம் மட்டும் அதற்கு இரக்கம் கிடையாது. மாசம் ஏறியிருந்தால் உயிருக்கே உலை வைக்கும்.

டீச்சரின் தங்கைக்கு அப்போது ஏழாம் மாசம். புகுந்த வீடு நான்காம் மண்டலம். வாழ்க்கையில் முதல் தடவையாக டீச்சர் ஒரு முடிவைத் தனக்குத்தானே இரண்டு தடவை படித்தாள். பிறகு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், நாலாம் மண்டலத்துல மஞ்சள் காமாலை ஏறுது."

"ஜனத்தொகை கூடியிருக்கும்மா."

"மிளகாய் அப்படியே இருக்கு சார்."

"மிளகாயை விடு. மழை பெஞ்சுதே?"

"மழை பெஞ்சா குறையணும் சார். இது ஏறுது. எங்கயோ குடிதண்ணி பைப்புல சாக்கடை..."

"மக்கள்நீர்."

"மக்கள்நீர் கலக்குது சார். அதை மக்கள் குடிக்கிறாங்க."

இயக்குநர் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு பெரிய திரை, அதன் மேல் ஒரு வெல்வெட் துணி. மேயர் வந்து பொத்தானை அழுத்தியதும் துணி விலகும், நகரத்தின் வரைபடம் ஒளிரும், நான்கு மண்டலமும் பச்சையாகத் தெரியும். வரைபடம், பொத்தான், துணி எல்லாம் தயார். மேயருக்கு எந்த நாள் தோதுப்படும் என்பது மட்டும்தான் பாக்கி.

"விழா முடியட்டும்" என்றார்.

"அதுக்குள்ள ஜனங்க குடிச்சிடுவாங்களே சார். காய்ச்சிக் குடிங்கன்னு ஒரு அறிவிப்பாவது கொடுக்கலாமே?"

இயக்குநர் மனிதாபிமானம் இல்லாதவர் அல்ல. அறிவிப்பைத் தானே உட்கார்ந்து எழுதினார். எழுதியதைப் பொறுப்போடு திருத்தினார். மஞ்சள் காமாலை என்றால் பீதி, எடுத்தார். நான்காம் மண்டலம் என்றால் அந்த மண்டலத்துக்காரர்கள் மனம் புண்படும், எடுத்தார். குடிநீர் வேறு துறை, அதில் நாம் தலையிடக்கூடாது, எடுத்தார். குடிநீர் போனபிறகு எதைக் காய்ச்சுவது என்ற கேள்வி வந்ததால் காய்ச்சுவதையும் எடுத்தார். மிஞ்சியது மறுநாள் நாளிதழில் வானிலைக்குக் கீழே வந்தது: 'பொதுமக்கள் நலமுடன் வாழுமாறு மக்கள்நீர் நுண்ணறிவு மையம் கேட்டுக்கொள்கிறது.'

யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆக விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். இயக்குநர், டீச்சர், மூடி அண்ணன். மூடி அண்ணனுக்கு யாரும் வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் கொண்டுவரும் ஒவ்வொரு பாட்டிலைப் பற்றியும், பரீட்சை எழுதிய பிள்ளையின் அப்பா மாதிரி, "நம்ம நாலு எப்படி, பாஸா?" என்று கேட்பது வழக்கம். டீச்சர் அன்று பதில் சொல்லாமல் குனிந்துகொண்டாள். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

முடிவுகளைக் கையெழுத்தாகும் வரை வெளியில் சொல்லக்கூடாது என்பது மையத்தின் விதி. டீச்சர் விதியை மதிப்பவள். அதனால் தங்கை வீட்டுக்குப் போய் பொதுவாகச் சொல்லிப் பார்ப்பது என்று தீர்மானித்தாள்.

கதவைத் திறந்த தங்கை, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "வா. இன்னிக்கு எது ஆபத்து?" என்றாள்.

"உள்ளே விடுடி முதல்ல."

கூடத்தில் தங்கையின் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "வாம்மா" என்று சொல்லிவிட்டு ஒலியை ஒரு புள்ளி குறைத்தார். அதுதான் அந்த வீட்டில் விருந்தாளிக்குக் கிடைக்கும் உச்சபட்ச மரியாதை. டீச்சர் தங்கையை ஜன்னல் பக்கம் நகர்த்தி, கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது.

"என்ன கண்ணையே பாக்கறே?"

"சும்மாதான். தண்ணியைக் காய்ச்சிக் குடி."

"ஏன்?"

"பொதுவா நல்லது."

"பொதுவா நீ சொல்றது எல்லாமே நல்லதுதான். பாத்திரம் தேய்க்கிற நாரை மாத்துன்னே, மாத்தினேன். காய் நறுக்கற பலகையைத் தூக்கிப் போடுன்னே, போட்டேன். போனைத் துடைன்னே, துடைச்சேன், ஸ்க்ரீன் போச்சு. பூனையைத் தொடாதேன்னே. எங்க வீட்டுல பூனையே இல்ல."

"பக்கத்து வீட்டுல இருக்கே."

"அதைப் போய் நான் ஏன் தொடப்போறேன்? அக்கா, காய்ச்சின தண்ணி வாசனையே எனக்குக் குமட்டுது. இப்பதான் வாந்தி நின்னு நாலு வாய் சாப்பிடறேன்."

டீச்சர் கூடத்தை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக விதியை மீறினாள்.

"உங்க மண்டலத்துச் சாக்கடையில மஞ்சள் காமாலை வைரஸ் இருக்குடி. நானே பாத்தேன்."

"சாக்கடையில இருந்தா நான் ஏன் குடிதண்ணியைக் காய்ச்சணும்? நான் என்ன சாக்கடையா குடிக்கிறேன்?"

"ரெண்டும் எங்கயோ கலக்குது. அதைத்தான் சொல்றேன். ரெண்டும் எங்கயோ கலக்குது."

"ஒரு தடவை சொன்னா போதும்."

"கேக்க மாட்டேங்கறியே."

"ரெண்டாவது தடவை சொல்றியே, அதனாலதான் கேக்கத் தோணல. பேப்பர்ல வந்துதா?"

டீச்சரால் பொய் சொல்ல முடியவில்லை. "வந்துது. நலமுடன் வாழணும்னு."

"அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, அக்காவின் கண்ணெதிரே அண்ணாந்து குடித்தாள். சின்ன வயதில் மருந்து குடிக்கச் சொன்னால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாளே, அதே பிடிவாதம். இப்போது வாயைத் திறந்துகொண்டு செய்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

டீச்சர் கூடத்துக்கு வந்தாள். "அத்தை, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"குழாய்த் தண்ணி நல்லாத்தானேம்மா வருது? கண்ணாடி மாதிரி."

"வைரஸ் கண்ணுக்குத் தெரியாது அத்தை."

"தெரியாததைப் பத்தி எப்படிம்மா கவலைப்படறது?" என்று கேட்ட மாமியார், ஒலியை மறுபடியும் ஏற்றினார்.

டீச்சர் படியிறங்கினாள். ஊருக்கே ரகசியமான விஷயத்தை வேலையைப் பணயம் வைத்துச் சொல்லியாயிற்று. சொன்னது ரகசியம் என்றுகூடத் தங்கை எடுத்துக்கொள்ளவில்லை. நாரைப் பற்றிச் சொன்னதும் இதுவும் அவளுக்கு ஒன்றுதான்.

அதற்கடுத்த வாரப் பாட்டில் இன்னும் மோசம். டீச்சர் தங்கைக்குப் போன் செய்தாள். "தண்ணியைப் பத்தின்னா வெச்சிடுவேன்" என்றாள் தங்கை. தண்ணீரைப் பற்றித்தான். வைத்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் இயக்குநர் மூடி அண்ணன் கையில் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

"என்ன இது?"

"வெந்நீர் சார்."

"எதுக்கு?"

"குடிக்க சார். என் வீடும் நாலாம் மண்டலம்தானே."

இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரகசியம் கசியத் தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். கசிவு என்றால் உடனே அடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பைப் விஷயத்தில் அதைக் கடைப்பிடிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே, இது வேறு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்காக எல்லோரையும் கூப்பிட்டார்.

கூட்ட அறை நிரம்பி வழிந்தது. எழுத்தர்கள், டிரைவர்கள், வாட்ச்மேன், தோட்டக்காரர், கேன்டீன் அம்மா. பிரிண்டர் சரிபார்க்க வந்திருந்த மெக்கானிக்கும் அறைக்குள்ளேயே இருந்தார். பிரிண்டர் அங்கேதான் இருந்தது. வெளியே போகச் சொன்னால் சந்தேகம் வரும் என்று அவரையும் உட்கார வைத்தார்கள்.

இயக்குநர் எழுந்து நின்றார். "நாலாம் மண்டலத்துல மஞ்சள் காமாலை வைரஸ் இருக்கிற விஷயம் இந்த நாலு சுவத்தைத் தாண்டி வெளியே போகக்கூடாது."

எல்லோரும் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

"எந்த மண்டலம் சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நாலாம் மண்டலம்."

"எதுல சார் இருக்கு?" என்று கேன்டீன் அம்மா கேட்டார்.

"தண்ணியிலம்மா. குடிதண்ணியில. அதைத்தான் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொல்லிட்டிருக்கேன்."

இயக்குநரின் டிரைவர் பள்ளிப்பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "சார், காய்ச்சினா போயிடுமா சார்?"

இயக்குநருக்கு இது தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் பழக்கமும் இல்லை. டீச்சர் பக்கம் திரும்பி, தாராளமாகக் கையை நீட்டினார்.

டீச்சர் எழுந்தாள். "போயிடும். லேசா ஆவி வந்தா பத்தாது. தளதளன்னு கொதிக்கணும். கொதிச்சு ஒரு நிமிஷம் விடணும். ஆறவெச்சு, அதே பாத்திரத்துல மூடி வைக்கணும். பச்சைத் தண்ணியை அதுல ஊத்தக்கூடாது." பழக்கதோஷத்தில் முகங்களைப் பார்த்தாள். ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை. ஒருவர்கூட போனைப் பார்க்கவில்லை. இப்படி ஒரு வகுப்பு அவளுக்கு வாய்த்ததே கிடையாது.

"இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்" என்றார் தோட்டக்காரர்.

டீச்சர் இன்னொரு தடவை சொன்னாள். கேட்டதற்கு மேலும் சொன்னாள். "முக்கியமா கர்ப்பிணிங்க. அவங்களுக்கு இது சாதாரணக் காமாலை இல்ல. உயிருக்கே ஆபத்து. குமட்டினாலும் பரவாயில்ல, மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது காய்ச்சின தண்ணிதான் குடிக்கணும். கண்ணு மஞ்சளாச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி."

"நல்லா கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் இயக்குநர். "இதுல ஒரு வார்த்தையும் வெளியே போகக்கூடாது. எல்லாரும் கையைத் தூக்கி உறுதி சொல்லுங்க."

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். பிரிண்டர் மெக்கானிக் மை படிந்த கையைத் தூக்கினார்.

கூட்டம் கலைந்ததும் மூடி அண்ணன் டீச்சர் பக்கத்தில் வந்து, "ரேடியோவுல சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு பேர் கேட்டிருக்க மாட்டாங்க டீச்சர்" என்றார். "இப்ப பாருங்க, எத்தனை வேகமா படி இறங்கறாங்க."

உண்மைதான். வழக்கமாக மின்தூக்கிக்குக் காத்திருப்பவர்கள் எல்லாம் அன்று படியில் ஓடினார்கள், போன் காதில் இருந்தது.

முதலில் உறுதியை மீறியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் இயக்குநர் அறைக் கதவு சரியாகச் சாத்தாதது என்பதும், அவர் போனில் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு பேசும் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். "அத்தை, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. உங்க நாலாம் மண்டலத்துலதான். ஆமா, தளதளன்னு. ஒரு நிமிஷம்."

இயக்குநரின் அத்தை மூச்சு விடாமல் இருந்தால்தானே. பிரிண்டர் மெக்கானிக்குக்கு அன்று பார்க்க வேண்டிய பிரிண்டர்கள் நகரமெங்கும் இருந்தன. ஒவ்வொன்றையும் சரிசெய்துவிட்டு, மூடியை மூடும் முன், "உங்களுக்குன்னுதான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். வாட்ச்மேன் தன் மச்சானிடம் மட்டும் சொன்னார். மச்சான் தனியார் பேருந்தில் நடத்துநர். கேன்டீன் அம்மா யாரிடமும் சொல்லவில்லை, தன் மகளிடம் மட்டும் சொன்னார், அது சொன்னதாகக் கணக்கில் வராது. அண்ணன் தம்பிக்கும், சித்தி மகளுக்கும், சம்பந்தி சம்பந்திக்கும் சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் அடுத்தவரிடம் சத்தியம் வாங்கினார்கள். அந்தச் சத்தியம்தான் விஷயத்துக்குச் சக்கரம். சத்தியம் வாங்காமல் சொல்லியிருந்தால் பாதிப் பேர் மறந்திருப்பார்கள்.

நான்காம் மண்டலத்துப் பாத்திரக் கடையில் பெரிய தவலைகள் தீர்ந்துபோயின. ஏன் என்று கடைக்காரர் யாரையும் கேட்கவில்லை. அவர் வீட்டிலும் அடுப்பில் ஒன்று இருந்தது.

குடிநீர்ப் பிரிவின் பொறியாளருக்கும் விஷயம் எட்டியது. மையத்திலிருந்து கடிதம் வராமல் அவர் கடப்பாரையைத் தொட முடியாது. ஆனால் அவருடைய மூத்த பெண்ணைக் கொடுத்திருந்தது நான்காம் மண்டலத்தில். ஞாயிற்றுக்கிழமை, பேரனைப் பார்க்கப் போகிற சாக்கில், நாலு ஆட்களையும் ஒரு பம்பையும் கூட்டிக்கொண்டு போனார். தெருவைத் தோண்டிப் பார்த்தால், குடிநீர்க் குழாயின் இணைப்பு ஒன்று, பக்கத்தில் விரிசல் விட்ட சாக்கடைக் குழாயின் ஊற்றில் சுகமாக முழுகிக் கிடந்தது. இரண்டையும் மாற்றி, மண்ணைத் தள்ளி, பேரனையும் பார்த்துவிட்டு வந்தார். கடிதம் வராததால் அங்கே பழுது இல்லை. பழுதே இல்லாததால் அதைச் சரிசெய்ததாக எங்கேயும் பதிவு இல்லை.

இதெல்லாம் டீச்சருக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டிலும் தங்கையும்தான். இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதாக இல்லை. அந்த வாரம் ஒருநாள் வேலை முடிந்ததும், எப்படித் திட்டினாலும் சரி என்று தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். காலில் விழுந்து சொல்வது என்றுகூட ஒரு யோசனை இருந்தது.

அழைப்பு மணியை அடிப்பதற்குள் கதவு திறந்தது. தங்கை அவள் கையைப் பிடித்து, வா என்றுகூடச் சொல்லாமல், நேரே சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாமியார் டிவியை அணைத்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்று, தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்த டிவி அணைந்து டீச்சர் பார்த்ததே இல்லை.

உள்ளே ஒரே ஆவி. அடுப்பில் ஒரு பெரிய தவலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"கதவைச் சாத்து" என்றாள் தங்கை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"என்னடி?"

"பண்ணு முதல்ல."

டீச்சர் சத்தியம் செய்தாள்.

"தண்ணி சரியில்லையாம். மஞ்சள் காமாலையாம். காய்ச்சித்தான் குடிக்கணுமாம். லேசா ஆவி வந்தா பத்தாதாம், தளதளன்னு கொதிச்சு ஒரு நிமிஷம் விடணுமாம்."

"யார் சொன்னா?" என்று மட்டும் டீச்சர் கேட்டாள்.

"தையல்கடைக்காரி அத்தைகிட்ட சொன்னா. அவ புருஷன் யாரோ பெரிய ஆபீசருக்குக் கார் ஓட்டறானாம்."

"எந்த ஆபீசர்?"

"அது ரகசியமாம்மா" என்றார் வாசலில் நின்ற மாமியார்.

தங்கை குரலை இன்னும் தாழ்த்தினாள். "உங்க ஆபீஸ் பக்கம்தான்னு நினைக்கிறேன். அங்க ஒரு பொம்பளை இருக்காங்களாம். அவங்கதான் கண்டுபிடிச்சாங்களாம். பெரிய படிப்பாம். நீ பாத்திருக்கியா?"

டீச்சர் தவலையைப் பார்த்தாள். "பாத்திருக்கேன்."

"எப்படி, நல்ல மாதிரியா?"

"நல்ல மாதிரிதான்."

"ரொம்பப் பேசுவாங்களா?"

"கேட்டா பேசுவா."

"பாத்தியா, படிச்சவங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க." தங்கைக்குச் சட்டென்று ஏதோ நினைவு வந்தது. "நீகூட முன்னாடி இதே மாதிரி ஏதோ சொன்னே இல்ல? ஆனா நீ சொன்னது பொதுவா. இது அவங்க மெஷின்ல போட்டுப் பாத்து சொன்னது."

"ஆமா" என்றாள் டீச்சர். "ரெண்டும் வேற."

"வாசனை குமட்டத்தான் செய்யுது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிக்கிறேன். கர்ப்பிணிங்களைப் பத்தி அந்தம்மா தனியா சொன்னாங்களாம், அக்கா. உயிருக்கே ஆபத்தாம்." அதைச் சொல்லும்போது கை தன்னால் வயிற்றுக்குப் போயிற்று. பிடிவாதக்காரியின் முகத்தில் பயம் தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகாது இல்ல?"

டீச்சர் அவளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். கண் வெள்ளையாக இருந்தது. "ஒண்ணும் ஆகாது. நாளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடலாம். எப்பவுமே காய்ச்சினதுதான் குடிக்கணும், சரியா? எப்பவுமே..."

"தெரியும், தெரியும், அந்தம்மா சொல்லியாச்சு. உன் கண்ணைக் காட்டு நீ." தங்கை அக்காவின் முகத்தைப் பிடித்து, கீழிமையை இழுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் சிவந்திருக்கு. மஞ்சள் இல்ல."

"ஆவிடி" என்றாள் டீச்சர்.

மறுநாள் பரிசோதனை எடுத்தார்கள். முடிவு நல்லபடியாக வந்தது. எல்லோருக்கும் அப்படி வரவில்லை. காய்ச்சுவதற்கு முன்னால் குடித்தது குடித்ததுதான். நான்காம் மண்டல ஆஸ்பத்திரியில் சில படுக்கைகள் நிறைந்தன. ஆனால் சிலதோடு நின்றது. வாரங்கள் போகப் போக, மிளகாய் அப்படியே இருக்க, காமாலை இறங்கியது. மூடி அண்ணன் ஒருநாள் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு, டீச்சர் நிமிர்ந்து பார்த்ததுமே, "பாஸா?" என்றார். பாஸ்தான்.

மேயருக்கு நாள் தோதுப்பட்டது. வெல்வெட் துணி பாதியில் சிக்கிக்கொண்டது. தோட்டக்காரர் துறட்டியால் இழுத்துவிட்டார். நான்கு மண்டலமும் பச்சையாக ஒளிர்ந்தன. இந்த நிறம் பொய் சொல்லவில்லை என்பது அந்த அறையில் இருந்த பெரும்பாலோருக்கும் வியப்பாக இருந்தது. இயக்குநர் உருக்கமாகப் பேசினார். ஒரு நகரத்தின் ஆரோக்கியம் அதன் அதிகாரிகள் தகவலை எவ்வளவு பொறுப்போடு காக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்றார். நெருக்கடியான ஒரு நேரத்தில் இந்த மையத்திலிருந்து ஒரு சொல்கூட வெளியே போகவில்லை என்றார்.

பலத்த கைதட்டல். மேயரும் தட்டினார். தட்டிவிட்டு, முன்னால் வைத்திருந்த பாட்டில் தண்ணீரைச் சந்தேகமாகப் பார்த்து, "காய்ச்சினதா?" என்று உதவியாளரிடம் மெல்லக் கேட்டார்.

டீச்சர் கைதட்டல் முடிவதற்குள் கிளம்பிவிட்டாள். பிரசவ வார்டிலிருந்து போன் வந்திருந்தது.

பெண் குழந்தை. தாயும் நலம். டீச்சர் தொட்டிலில் குனிந்து பார்த்தாள். குழந்தையின் முகம் லேசாக மஞ்சளாக இருந்தது. உடனே நர்ஸைக் கூப்பிட்டாள். பிறந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், தானே சரியாகிவிடும், இதற்கும் அந்த வைரஸுக்கும் சம்பந்தமில்லை என்றாள் நர்ஸ். டீச்சர் படித்ததும் இதைத்தான். படித்திருந்தும் நர்ஸிடம் இன்னொரு தடவை கேட்டாள்.

தங்கை தலையணையில் சாய்ந்து படுத்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் ஃபிளாஸ்க், அதன் மேல் கவிழ்த்த டம்ளர்.

"அக்கா, அந்தப் பொம்பளையை ஆபீஸ்ல பாப்பே இல்ல?"

"பாப்பேன்."

"நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு. அவங்க மட்டும் சொல்லலேன்னா நான் பாட்டுக்குக் குடிச்சிட்டே இருந்திருப்பேன். நம்ம வீட்டுல யார் இதையெல்லாம் எடுத்துச் சொன்னாங்க?"

"சொல்றேன்."

"மறந்துடப் போறே."

"மறக்க மாட்டேன்டி."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று டீச்சர் நினைத்தபோது, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"எதையும் ரெண்டு தடவை சொல்வியே, இதையும் அவங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லு."